கல்லூரிக்கு வழி யாரைக் கேட்பது? முதல் தலைமுறை மாணவருக்குத் 'தெரிந்தவர்கள்' செய்யும் வேலை

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் இரண்டு பேச்சு எல்லா ஊரிலும் கேட்கும். "நல்லா மார்க் எடுத்தா சீட் தானா வரும்" என்பது ஒன்று. "ஆள் தெரிஞ்சாத்தான் காரியம் நடக்கும்" என்பது இன்னொன்று. முதல் பேச்சை நம்பிய பிள்ளை, மதிப்பெண் இருந்தும் நினைத்த படிப்பு கைநழுவினால் தன்னையே நொந்துகொள்கிறது. இரண்டாவதை நம்பிய பெற்றோர் சிபாரிசு தேடி அலைந்து, கடைசியில் ஒரு தரகரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

ஆள் தெரிந்திருப்பது உண்மையில் செய்யும் வேலை சிபாரிசு அல்ல. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் இடங்கள் தரவரிசைப்படி கணினி வழியாக ஒதுக்கப்படுகின்றன. அங்கே யாருடைய போனும் எடுபடாது. ஆனால் அந்தத் தரவரிசைக்கு முன்னும் பின்னும் ஏராளமான சின்ன முடிவுகள் இருக்கின்றன. எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தச் சான்றிதழை எந்த வடிவில் வாங்குவது, விருப்பக் கல்லூரிகளை எந்த வரிசையில் எழுதுவது. படித்த வீட்டுப் பிள்ளைக்கு இவை சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே வந்து சேர்கின்றன. வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைக்கு அவை எந்த வழியாக வரும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு சொல். சமூக வலைப்பின்னல் என்றதும் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் நினைவுக்கு வருகின்றன. சமூகவியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு, அந்தச் செயலிகளைவிடப் பழையது: ஒருவர், அவருக்குத் தெரிந்தவர்கள், அந்தத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என விரியும் உறவுகளின் மொத்தம். வாட்ஸ்அப் அந்த உறவுகளுக்கு இடையே பேச்சு போகும் பாதை மட்டுமே. பாதை இருந்தும் மறுமுனையில் விஷயம் தெரிந்தவர் இல்லையென்றால் ஒன்றும் வந்து சேராது.

வரன் தேடுவதைப் போல

ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டது என்ற செய்தி தெருவில் எத்தனை பேர் வழியாக உங்களுக்கு வருகிறது? எதிர்வீட்டு அக்கா சொல்வார், குழாயடியில் கேட்கும், பிள்ளையும் ஓடிவந்து சொல்லும். ஐந்து பேர் சொன்னாலும் செய்தி ஒன்றுதான்.

வரன் தேடும் கதை வேறு. வீட்டில் இருக்கும் நால்வருக்கும் தெரிந்த குடும்பங்கள் ஏறக்குறைய ஒன்றே. அவற்றில் பொருத்தம் அமையவில்லையென்றால் நாலு இடத்தில் சொல்லி வைக்கிறோம். கடைசியில் வரன் வருவது ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சம்பந்தி வழியாக, அல்லது அப்பாவோடு எப்போதோ வேலை பார்த்தவர் வழியாக. அவர்கள் நம்மைவிட அக்கறை உள்ளவர்கள் என்பதல்ல காரணம். நமக்குத் தெரியாத ஊரும் நமக்குத் தெரியாத குடும்பமும் அவர்களுக்குத் தெரியும்.

கல்லூரித் தகவலும் இப்படித்தான் நகர்கிறது. அடிக்கடி பார்த்து, மனம்விட்டுப் பேசும் உறவை நெருங்கிய பிணைப்பு என்போம். எப்போதாவது பார்த்து நலம் விசாரிக்கும் உறவைத் தளர்ந்த பிணைப்பு என்போம். ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஒரே இணைப்பாக நிற்கும் ஆள் பாலம். நெருங்கியவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவே இருப்பதால் அவர்களில் பாலம் அரிது. தளர்ந்த பிணைப்புகளிடையேதான் பாலங்கள் அமையும்.

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-இல் இதை எண்ணிக் காட்டினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரத்தில், தெரிந்தவர் மூலம் புதிய வேலைக்குப் போனவர்களிடம், "அந்தச் சமயத்தில் தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்த்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8 சதவீதம். அது 54 பேரைக் கொண்ட சின்னக் கணக்கு. ஆனால் 2022-இல், வேலை தேடுவோர் பயன்படுத்தும் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த சோதனையும் அதே பக்கம்தான் சாய்ந்தது. கூடவே ஒரு திருத்தமும் சொன்னது: மிகத் தளர்ந்த பிணைப்பின் பலன் குறைந்துவிடுகிறது, ஓரளவு தளர்ந்த பிணைப்பே அதிகம் உதவுகிறது.

இதுவரை பார்த்தது: புதிய தகவல் நெருங்கியவர்களிடம் குறைவு, ஓரளவு தெரிந்தவர்களிடம் அதிகம். இரு கூட்டங்களை இணைப்பவர் பாலம்.

ஒரே பெஞ்சில் இரண்டு மாணவிகள்

அரசுப் பள்ளியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 180. கணிதம் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் மாற்றப்பட்டுக் கூட்டினால் வருவது இந்த 200. இருவரும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஒருத்தியின் சித்தி வங்கியில் வேலை பார்க்கிறார், சித்தியின் மகன் மத்திய அரசின் பொறியியல் கல்வி நிறுவனமான திருச்சி என்.ஐ.டி.யில் படித்தவன். இன்னொருத்தியின் அப்பா சுமை தூக்குபவர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். பெற்றோரின் அன்பிலும் கவலையிலும் இரு வீட்டுக்கும் வேறுபாடு இல்லை.

முதல் மாணவி பிளஸ் டூ படிக்கும்போதே, அக்டோபர் மாதமே, என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் ஆண்டுக்கு இரு முறை நடக்கிறது என்று கேட்டுவிடுகிறாள். ஜனவரித் தேர்வுக்கான விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் நவம்பரிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாம் மாணவி அந்தப் பெயரைக் கேள்விப்படுவது மே மாதம். இரண்டு முறையும் தாண்டிப்போயிருக்கும்.

அடுத்தது சான்றிதழ். பள்ளியில் வாங்கிய சாதிச் சான்றிதழ் வாழ்நாளுக்கும் போதும் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். மாநிலக் கல்லூரிகளுக்கு அது போதும். மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்குப் போதாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு) இடம் கேட்டால், மத்திய அரசு வடிவில், 'வசதி படைத்த பிரிவைச் சேராதவர்' என்று குறிப்பிட்டு, அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்ட சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் இது தனி விண்ணப்பம். கையில் பி.சி. சான்றிதழ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போய், சரிபார்ப்பு நாளில் பொதுப் பிரிவுக்குத் தள்ளப்படுவது ஒரு பிள்ளைக்கு நேரக்கூடாத இழப்பு. அதைத் தடுக்க ஏற்கெனவே அந்தப் பாதையில் போன ஒருவர் ஒரு வரி சொன்னாலே போதும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழிலும் இதே கதை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அது கலந்தாய்வு வழியாகப் பெற்ற இடத்துக்கு மட்டும். கல்லூரி நிர்வாகமே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான். மருத்துவப் படிப்புக்கு 2020-இலும், பொறியியல் உள்ளிட்ட மற்றத் தொழிற்படிப்புகளுக்கு 2021-இலும் வந்த சட்டம் அது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தெரியாத அப்பா, "அப்புறம் இடம் கிடைக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கலந்தாய்வு தொடங்கும் முன்பே நிர்வாக ஒதுக்கீட்டுக்கு வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டிவிடுகிறார். இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய படிப்பு கடனாகிவிடுகிறது.

விருப்பப் பட்டியல்தான் அதிகம் பேர் சறுக்கும் இடம். கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். அதற்குக் கீழே எழுதியதைப் பார்க்காது. ஆகவே மிகவும் பிடித்தது மேலே, கட்டாயம் கிடைக்கும் என்று நம்புவது கீழே. இரண்டாம் மாணவி பயத்தில் பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் எழுதுகிறாள். அது கிடைத்தும் விடுகிறது. இரண்டாவதாக எழுதிய நல்ல கல்லூரியில் அவள் கட்-ஆஃபுக்கு இடம் இருந்தும் அவளுக்கு வரவில்லை. பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாது. ஐந்தாறு எழுதிவிட்டு நிறுத்துகிறவர்கள் அந்தச் சுற்றில் வெறுங்கையோடு நிற்க நேர்கிறது. கல்லூரிப் பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பெயரைப் பார்க்காமல் குறியீட்டு எண்ணைப் பார்த்து எழுத வேண்டும் என்பதும் இப்படி வாய்வழியாக வரும் அறிவுதான்.

இதுவரை பார்த்தது: இருவரின் மதிப்பெண்ணும் ஒன்று. வேறுபட்டது, தகவல் வந்த நேரமும் அதைச் சொன்ன ஆளும்.

தகவல் இருந்தால் போதுமா?

இந்த இடத்தில்தான் நல்லெண்ணத்தோடு செயல்படுகிறவர்களும் தவறுகிறார்கள். "எல்லாம் இணையதளத்தில் இருக்கிறதே, படித்துக்கொள்ள வேண்டியதுதானே" என்பார்கள். துண்டுப் பிரசுரம் அடிப்பார்கள், ஆயிரம் பேர் உள்ள குழுவில் அனுப்பிவிடுவார்கள். அது எந்த அளவுக்கு உதவும் என்று அமெரிக்காவில் கவனமாகச் சோதித்திருக்கிறார்கள்.

அங்கே கல்லூரி உதவித்தொகைக்கு நீண்ட, சிக்கலான ஓர் அரசு விண்ணப்பம் உண்டு. வருமான வரிக் கணக்கு எழுதிக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் கிளைகளில், குறைந்த வருமானக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் தந்தார்கள். இன்னொரு பிரிவுக்குக் கூட உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: நிரப்ப உதவி பெற்ற வீடுகளில், பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் மூன்று ஆண்டுகளுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தவர்கள் 28-லிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றமே இல்லை.

கைபேசிக் குறுஞ்செய்திகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. உள்ளூர் ஆலோசகர்கள் சார்பில், மாணவர் பதில் எழுதினால் பேசுவதற்கு ஆள் இருந்த சிறு முயற்சிகள் சில இடங்களில் நல்ல பலன் தந்தன. அதையே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு விரித்தபோது கல்லூரிச் சேர்க்கை உயரவில்லை. முகம் தெரியாத இடத்திலிருந்து வரும் நினைவூட்டலை மாணவர் படிக்கலாம், படித்தபின் எழும் "எனக்கு இது பொருந்துமா?" என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை.

ஆகவே வலைப்பின்னல் செய்யும் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தகவல் கொண்டுவருவது தளர்ந்த பிணைப்பு. இ-சேவை மையத்துக்குக் கூட வருவதும், கடவுச்சொல்லைக் குறித்து வைப்பதும், "பயப்படாதே, போ" என்று பேருந்து ஏற்றிவிடுவதும் நெருங்கிய பிணைப்பு. நடுவில் ஒரு மூன்றாவது வேலையும் உண்டு: நம்மைப் போன்ற ஒருவர் போய் வந்திருக்கிறார் என்ற சாட்சி. தன் தெருவிலிருந்து ஒரு பெண் கோவைக்கு விடுதியில் தங்கிப் படிக்கப் போனால், அடுத்த ஆண்டு இன்னொரு வீட்டில் "பொம்பளப் பிள்ளைய அவ்ளோ தூரமா?" என்ற கேள்வியின் வேகம் குறைகிறது. அந்த வேலையை எந்த விளம்பரப் பலகையும் செய்யாது.

துணையோடு அனுப்புவது என்பதையே முறையாக்கிய அமைப்பு 1989-இல் நியூயார்க்கில் தொடங்கிய போஸி அறக்கட்டளை. திறமை இருந்தும் படிப்பை விட்ட ஒரு மாணவர், தன் கூட்டாளிகள் உடன் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டேன் என்றாராம். அந்த ஒரு சொல்லிலிருந்து பிறந்த யோசனை: ஒரே நகரத்திலிருந்து சுமார் பத்து மாணவர்களை ஒரு குழுவாக ஒரே கல்லூரிக்கு அனுப்புவது, அதற்கு முன் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை வாரந்தோறும் அவர்களைக் கூட்டிப் பயிற்சி தருவது. நம் ஊரில் அமைப்பு எதுவும் இல்லாமலேயே இதில் ஒரு பகுதியைச் செய்யலாம். ஒரே பள்ளியிலிருந்து இருவரோ மூவரோ அருகருகே உள்ள கல்லூரிகளைப் பேசிவைத்து எழுதலாம்.

எங்கே கெட்டுப்போகிறது

இனம் இனத்தோடு சேரும் என்பார்கள். வகுப்பில் உள்ள 60 பேரும் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் ஒருவருக்குத் தெரியாதது பெரும்பாலும் 60 பேருக்கும் தெரியாது. அங்கே ஒரு தவறான தேதி விழுந்தால் அதையே பத்துப் பேர் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள்; பத்து இடத்திலிருந்து வந்ததால் உண்மை என்று தோன்றும். மூலம் ஒன்றுதான் என்பது தெரிவதில்லை. தேதி, கட்டணம், சான்றிதழ் வடிவம் ஆகிய மூன்றையும் எந்தக் குழுவில் கேட்டாலும் கலந்தாய்வின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம்.

மூத்த மாணவர் சொல்வதும் காலாவதியாகும். பல ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடோ, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயோ, ஆண் பிள்ளைகளுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமோ அனுபவத்தில் இருக்காது. விதிமுறையைப் போன ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ சேர்ந்தவரிடம் கேளுங்கள். படிப்பு எப்படி, விடுதி எப்படி, வேலை கிடைத்ததா என்பதை மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள்.

தரகரும் ஒரு பாலம்தான். அதனால்தான் அவர் ஆபத்தானவர். வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே வேறு இணைப்பே இல்லாத குடும்பத்தில் அவர் சொல்வதைச் சரிபார்க்க வழி இல்லை. அவருக்குக் கமிஷன் தரும் கல்லூரிதான் அவர் வாயில் வரும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் இழுத்தடிப்பதும் நடக்கிறது. கல்லூரி அப்படிப் பிடித்து வைக்கக்கூடாது என்பது உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. அமைப்புகளின் விதி. அந்த ஒரு பாலத்தின் பிடியைத் தளர்த்த, வேறொரு இடத்திலிருந்து இன்னொரு ஆள் இருந்தாலே போதும்.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. அமெரிக்காவில் 7.2 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் நட்புகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். ஏழைகளுக்கும் வசதியானவர்களுக்கும் இடையே நட்பு குறைவாக இருப்பதற்குப் பாதிக் காரணம், இருவரும் சந்திக்கவே வாய்ப்பில்லாதது. மீதிப் பாதி, ஒரே இடத்தில் இருந்தும் பழகாதது. நம் ஊரில் தெரு பிரிந்திருப்பதும், ஒரே வகுப்பிலேயே சாதி பார்த்துப் பழகுவதும் இந்த இரண்டு பாதிகளுக்குள்ளும் அடங்கும். ஆகவே "நீயே போய்ப் பழகிக்கொள்" என்று மாணவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது; கலந்து உட்கார வைப்பதும், முன்னாள் மாணவரை அழைத்து வருவதும் பள்ளியின் வேலை.

கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க

பிளஸ் ஒன் தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதலாம். நம் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இருப்பவர் யார்? வகுப்பு ஆசிரியரிடம் எண் இருக்கும். அப்பாவோ அம்மாவோ வேலை செய்யும் இடத்தில் கல்லூரிப் பிள்ளை உள்ளவர் யார்? நூலகர், கிராம நிர்வாக அலுவலர், ஊர் செவிலியர், வங்கிக் கிளை ஊழியர் ஆகியோரில் பேசிப் பழகியவர் யார்? ஐந்தாறு பெயர் வந்தால் போதும். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருப்பது நல்லது. ஒரே வீட்டின் ஐந்து பேர் ஒரு ஆளுக்குச் சமம்.

கேள்வி எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். "அக்கா, எந்தக் காலேஜ் நல்லது?" என்று கேட்டால் முகம் அதிகம் தெரியாதவர் என்ன சொல்வார்? "நல்லா படிம்மா" என்பார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அக்கா, வணக்கம். நான் நம்ம ஸ்கூல்ல இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சேன். வேதியியல் டீச்சர் உங்க நம்பர் கொடுத்தாங்க. கட்-ஆஃப் 171, பி.சி., 7.5 சதவீதத்துல வரேன். இ.சி.இ. எழுதலாம்னு இருக்கேன். உங்க காலேஜ்ல லேடீஸ் ஹாஸ்டல் உள்ளேயே இருக்கா? முதல் வருஷம் இங்கிலீஷ்ல பாடம் புரியறதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க? நேரம் கிடைக்கறப்ப சொன்னா போதும்."

யார் அனுப்பினார் என்பது முதலில் வருகிறது; அதுதான் கதவைத் திறக்கும். தன் நிலைமை எண்களில் இருக்கிறது. கேள்வி இரண்டுதான், இரண்டுக்கும் அந்த அக்காவால் மட்டுமே பதில் சொல்ல முடியும். நிறையப் பேர் விட்டுவிடும் வேலை அதற்குப் பிறகு இருக்கிறது: இடம் கிடைத்ததும், கிடைக்காவிட்டாலும், "அக்கா, இந்தக் காலேஜ் கிடைச்சிருக்கு, நீங்க சொன்னபடி வரிசையை மாத்திட்டேன்" என்று ஒரு வரி அனுப்புவது. அந்த ஒரு வரியில்தான் தளர்ந்த பிணைப்பு உயிரோடு இருக்கிறது. அடுத்த ஆண்டு உங்கள் தெருப் பிள்ளைக்காக அதே எண்ணை அழைக்க வேண்டியிருக்கும்.